சூப்பர் மாரியோவில் "-1" உலகத்துக்குள் போனவர்கள் இங்கே உண்டா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
1-2 ஸ்டேஜில், அதாவது முதல் உலகத்தின் இரண்டாவது ஸ்டேஜில், கூரைமேல் ஏறி ஓடினால் 4, 3, 2 என்று எண் போட்ட, அந்தந்த உலகத்துக்கே நேராகக் கொண்டுபோகும் மூன்று பைப்புகள் வரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நான் கேட்க வந்தது அதுவல்ல. 1996 கோடை விடுமுறையில் என் பெரியப்பா மகன் கூரைப்பக்கமே போகவில்லை. ஸ்டேஜ் முடியும் பைப்பின்மேல் நின்று, தலைக்கு மேலிருந்த செங்கற்களில் சிலவற்றை மட்டும் உடைத்துவிட்டு, குனிந்தபடியே பின்பக்கமாகக் குதித்தார். சுவரில் முட்டிக் கீழே விழவேண்டிய மாரியோ, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலக் கல்லுக்குள் வழுக்கி மறுபக்கம் போய்விட்டது. அங்கிருந்த முதல் பைப்பில் அண்ணன் இறங்கினார். கறுத்த திரையில், உலக எண் இருக்கவேண்டிய இடம் வெறுமையாகவும், அதன் அருகில் "-1" என்றும் வந்தது.

உள்ளே தண்ணீர் ஸ்டேஜ். கடைசிப் பைப்புக்குள் நீந்திப் போனால், தொடங்கிய இடத்திலேயே மறுபடியும் வந்து நின்றது. நேரம் தீர்ந்து மாரியோ செத்தது; அடுத்த உயிரும் அதே தண்ணீரில்தான் பிறந்தது. தெருப் பையன்களைக் கூப்பிட நான் ஓடினேன். நான்கு பேரோடு திரும்பி வருவதற்குள், பெரியம்மா சாப்பிட வரச்சொல்லி டிவியை அணைத்துவிட்டார். அந்த விடுமுறை முழுவதும் இருவரும் அந்தச் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தோம், ஒருமுறைகூட உள்ளே போகவில்லை. பள்ளி திறந்ததும் எனக்குப் புளுகன் என்று பெயர் வைத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை, சென்ற மாதம் அண்ணனிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, "அப்படியா, எனக்கு நினைவில்லையேப்பா" என்றார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மாபேட்டை நெசவு:
நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன், ஏனென்றால் நானும் யாரும் நம்பாத ஒன்றைப் பார்த்தவள். 3-1 ஸ்டேஜின் கடைசிப் படிக்கட்டில் இறங்கி வரும் ஆமையைப் படியோரமாக மிதித்துக்கொண்டே இருந்தால், மதிப்பெண் 8000 வரை ஏறி, பிறகு ஒவ்வொரு மிதிக்கும் ஓர் உயிர் கிடைக்கும் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. பத்து உயிருக்குமேல் போனால் எண்ணுக்கு முன்னால் ஒரு கிரீடம் வரும். அதற்கும் மேலே போனால், எந்த மொழியிலும் இல்லாத குறிகள் வரும். வீட்டில் எல்லோரும் தறியை நிறுத்திவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவள் வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் குதித்தாள், இத்தனை உயிர் இருக்கும்போது ஒன்று போனால் என்ன என்று. உடனே "கேம் ஓவர்" என்று வந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள், ஒரே பள்ளத்தில்! தங்கை அன்று சாப்பிடவில்லை. உயிர்க் கணக்கு 127ஐத் தாண்டினால் இயந்திரம் அதைக் கழித்தல் எண்ணாக எடுத்துக்கொள்ளும் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் பாட்டி அந்த விளையாட்டையே "மாரி" என்றுதான் சொல்வார். அம்மன் பெயரை வைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தால் இப்படித்தான் ஆகும் என்பது அவர் தீர்ப்பு.

குகை வாசி:
இரவு ஸ்டேஜ்களைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. மேகமும் கீழே இருக்கும் புதரும் ஒரே படம்தான், நிறம் மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று ஒரு நாள் கண்ணில் பட்டுவிட்டது. மொத்த விளையாட்டையும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கவேண்டியிருந்ததால் செய்த சிக்கனம் அது. அதன் பிறகு அந்தப் புதர்களைத் தாண்டும்போதெல்லாம் மாரியோ வானத்தில் நடப்பதுபோலவே எனக்குத் தோன்றும்.

சூரமங்கலம் ரயிலடி:
முதல் பதிவில் பாதிதான் இருக்கிறது. சுவருக்குள் புகுந்தால் மட்டும் போதாது. திரை முழுவதும் நகர்ந்து வரவேற்பு எழுத்து தோன்றுவதற்கு முன்பே பைப்பில் இறங்கவேண்டும். அந்த எழுத்து வந்தபிறகுதான் பைப்புகளுக்கு 4, 3, 2 என்ற எண்கள் பொருந்தும். அதற்கு முன்பு, 4-2 ஸ்டேஜில் உள்ள ஒற்றைப் பைப்புக்காக எழுதிய எண்கள்தான் அங்கே இருக்கும்: நடுவில் 5, இரு பக்கமும் 36. திரையில் எண்களையும் எழுத்துகளையும் காட்டும் பட வரிசையில் 36ஆம் கட்டம் வெற்றிடம் என்பதால், "36-1" என்பது "-1" என்று தெரிகிறது. அந்தத் தண்ணீரும் புதிதன்று, 7-2 ஸ்டேஜின் நகல்தான். ஜப்பானில் 1986இல் வந்த டிஸ்க் வடிவத்தில் இதே வழியாகப் போனால் மூன்று ஸ்டேஜ்கள் வந்து, விளையாட்டு முடிந்தும் விடும். நமக்குக் கிடைத்த கேசட்டுகளில்தான் முடிவில்லாத நீச்சல்.

மணிக்கணக்கில் வாடகைக்கு விளையாடவிடும் கடை ஒன்றில் நான் வேலை பார்த்தேன். ஒரு பையன் "-1"க்குள் போய்விட்டு, கேசட் கெட்டுவிட்டது என்று பணத்தைத் திரும்பக் கேட்டான், நான் கொடுத்தும் விட்டேன். என் கதை அவ்வளவுதான். ஆனால் இதைப் படித்துவிட்டுப் பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கப்போகிறவர்கள் தயவுசெய்து கேசட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள். ஊதியதால் ஓடியது என்று நாம் நினைத்தோமே, உண்மையில் எடுத்துத் திரும்பச் செருகியதால்தான் ஓடியது; மூச்சின் ஈரம் அந்தச் செம்புப் பட்டைகளில் பச்சைப் பூத்துப் போகத்தான் உதவும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து, பட்டைகளின் நீளவாக்கில் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு செருகுங்கள். உப்புத்தாளைத் தொடவே தொடாதீர்கள். மின்சாரம் ஓடும்போது கேசட்டைப் பிடுங்காதீர்கள். பழைய அடாப்டரையும், அது சரியான வோல்ட் தருகிறதா என்று பார்த்த பிறகே செருகுங்கள்.

அம்மாபேட்டை நெசவு:
அவர் கேட்டது பெட்டியைப் பழுதுபார்ப்பது எப்படி என்று அல்லவே, ஐயா.

ஏற்காடு மஞ்சுமூட்டம்:
எங்கள் கதை இதைவிடக் கேவலமானது. காப்பித் தோட்டத்துக் குடியிருப்பில் நானும் தம்பியும் இரண்டு ஆண்டுகள் விளையாடினோம். எட்டாவது உலகத்தில் மூன்று உயிரும் போனால், மறுபடியும் முதல் உலகத்திலிருந்து வருவோம், இரண்டு ஆண்டுகளும் இப்படியே. மே மாதக் கோடை விழாவுக்காக, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுத்துக்கொண்டே மேலே வந்த ஒரு பையன், எங்கள் வீட்டில் பால் வாங்க வந்து நின்றான். எங்கள் ஆட்டம் முடிந்ததைப் பார்த்ததும், கேட்காமலே ரிமோட்டை வாங்கி, ஏ பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டை அமுக்கினான். 8-1 வந்தது. அவன் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை, பால் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. மழையில் மின்சாரம் போனால் அந்த வழியும் பயன்படாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
சூரமங்கலத்து நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு தூங்கவில்லை. நடுப் பைப்பில் 5 என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் காரணம். "-1" வந்த நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு, அதே சுவரோரத்தில் ஏதோ செய்துகொண்டிருந்த அண்ணனுக்குத் திடீரென்று 5-1 வந்தது. அந்த அறையில் 5 என்ற எண்ணே கிடையாதே என்று நான் கேட்டதற்கு, கேசட்டில் தூசி என்று சொல்லிக் கழற்றி ஊதினார். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லத்தக்க செய்தி என்றும் நினைத்ததில்லை. உங்கள் பதிவை அப்படியே அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டார் என்று காட்டுகிறது, பதில் இன்னும் வரவில்லை.