இருதரப்புக் கோப்பையா, ஈரணிக் கிண்ணமா?

வணக்கம்.

அர்ஜென்டினாவும் உருகுவேயும் மட்டும் மோதிய லிப்டன் கோப்பை என்ற காற்பந்துப் போட்டியைப் பற்றிய கட்டுரையில், அதை 'செயலிழந்த இருதரப்புக் கோப்பை' என்று குறிக்கலாம் என முன்மொழிந்திருக்கிறீர்கள். இரண்டு சொல்லிலும் எனக்கு உடன்பாடில்லை.

இருதரப்பு என்றாலே பேச்சுவார்த்தையும் அமைச்சர்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். 'இருநாட்டு' பரவாயில்லை. ஆனால் இன்னொரு காற்பந்துப் போட்டியான ரௌஸ் கோப்பைக்கு அது இடிக்கும். அதில் மோதிய இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டும் ஒரே அரசுக்கு உட்பட்டவை. 'ஈரணி' என்றால் இந்தச் சிக்கலே இல்லை. எல்லா ஆட்டமும் ஈரணி ஆட்டம்தானே என்று கேட்பீர்கள். ஆட்டம் அப்படித்தான், போட்டித் தொடர் அப்படியில்லை. ரௌஸ் கோப்பையையே பாருங்கள். 1985இல் கிளாஸ்கோவில் ரிச்சர்ட் காஃப் தலையால் முட்டிய ஒரே கோலில் ஸ்காட்லாந்து வென்றது. மறு ஆண்டு வெம்ப்ளியில் இங்கிலாந்து 2-1. 1987இல் பிரேசிலையும் சேர்த்தார்கள், அத்தோடு அது ஈரணிக் கோப்பையாக இல்லாமல் போயிற்று. 'ஈரணி' என்ற சொல் இருந்தால் அந்த மாற்றத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம்.

அடுத்து 'செயலிழந்த'. அது சிறுநீரகத்துக்குச் சொல்வது. லிப்டன் கோப்பை 1976க்குப் பிறகு 16 ஆண்டுகள் ஆடப்படவில்லை. 1992இல் திரும்ப ஆடினார்கள், அப்புறம் இல்லை. நடுவில் யாராவது 'செயலிழந்த' என்று எழுதியிருந்தால் அழித்து எழுத வேண்டி வந்திருக்கும். 'நின்றுபோன' போதும். ரௌஸ் கோப்பையின் கதை வேறு: ரசிகர்களின் அடிதடி தாளாமல் 1989ஓடு விட்டுவிட்டார்கள். அதற்குக் 'கைவிடப்பட்ட' பொருந்தும். இரண்டுக்கும் ஒரே சொல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாமே.

கடைசியாக, கோப்பையா கிண்ணமா? 1905இல் லிப்டன் கோப்பையை வழங்கிய தாமஸ் லிப்டன், இலங்கையின் ஊவா மலையில் தேயிலைத் தோட்டங்கள் வைத்திருந்த அதே லிப்டன்தான். அந்தந்த மண்ணில் பிறந்தவர்களே ஆட வேண்டும் என்பது அவர் நிபந்தனை. கடல் கடந்து வந்த தமிழர்களை வைத்துத் தோட்டம் நடத்தியவர் போட்ட நிபந்தனை! முதல் ஆட்டம் புவெனஸ் ஐரிஸில் 0-0. வெற்றி தோல்வி இல்லாததால், விருந்தாளி அணி என்று உருகுவேயிடமே கொடுத்துவிட்டார்கள்.

'லிப்டன் கோப்பை' என்று தமிழ்நாட்டில் சொன்னால் கேட்பவர் சர்க்கரை எவ்வளவு என்பார். இலங்கையில் உலகக் கிண்ணம் என்றுதான் எழுதுகிறார்கள். இந்த ஓர் இடத்திலாவது அவர்கள் வழக்கை எடுத்துக்கொள்ளலாம். தலைப்பு 'லிப்டன் கிண்ணம்', முதல் வரியில் 'நின்றுபோன ஈரணிக் காற்பந்துப் போட்டி'. கோப்பை என்று தேடி வருபவர்களை இந்தத் தலைப்புக்குக் கொண்டுவந்துவிட ஒரு வழிமாற்று வைத்தால் சரி.