கொசுவின் காலை வைத்து இனத்தையும் வயதையும் அறிய முடியுமா?

கேள்வி (விலங்கியல் முதுகலை மாணவி):
வணக்கம். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் கொசுக்களைத் திட்டப்பணிக்காகச் சேகரித்து வருகிறேன். இந்தப் பெயருக்குள் ஏ, பி, சி, டி, இ என ஐந்து உறுப்பினங்கள் அடங்கியுள்ளன; இராமேசுவரம் தீவில் மலேரியாவைப் பரப்புவதாக அறியப்பட்டது ‘இ’, மிகவும் பலவீனமான நோய்கடத்தியாகக் கருதப்படுவது ‘பி’. ஆனால் உருப்பெருக்கியில் இறகுப் புள்ளிகளை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இவற்றைப் பிரித்தறிய இயலவில்லை. மால்டி-டாஃப் நிறை நிறமாலைமானி (லேசரால் மூலக்கூறுகளை அயனிகளாக்கி அவற்றின் எடையை அளக்கும் கருவி) இதற்கு உதவுமா? அதே நிறமாலையிலிருந்து கொசுவின் வயதும் தெரியுமா?

மறுமொழி 1 (ஆய்வுக்கூடப் பணியாளர்):
இனம் காண உதவும், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கொசுவின் கால்களை ஃபார்மிக் அமிலமும் அசிட்டோநைட்ரைலும் கலந்த கரைசலில் அரைத்துச் சுழற்றியெடுத்து, மேலே தெளிந்து நிற்கும் கரைசலில் ஒரு மைக்ரோலிட்டரை எஃகுத் தட்டில் சொட்டிட்டு, அதன்மேல் மேட்ரிக்ஸ் கரைசலை (லேசர் ஆற்றலை உறிஞ்சிப் புரதங்களை அயனிகளாக்க உதவும் பொருள்) வைத்து உலரவிடுவோம். சொட்டு காய்ந்து மங்கலான படிகப் படலமாகப் படிந்த பிறகு லேசர் பாயும். புரத அயனிகளில் எடை குறைந்தவை முந்தியும் கூடியவை பிந்தியும் உணரியை அடைவதால், ஏறத்தாழ 2,000 முதல் 20,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரையிலான உச்சிகளின் வரிசை கிடைக்கும். அந்த வரிசையைக் கருவி தன் தரவகத்தில் உள்ளவற்றோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். தரவகத்தில் இல்லாத இனத்தை அதனால் பெயரிட முடியாது. ஆப்பிரிக்காவின் அனோபிலிஸ் காம்பியே கொசுத் தொகுதியில் உருவத்தால் பிரிக்க முடியாத இனங்களை இம்முறை பிரித்துக் காட்டியிருக்கிறது என்றாலும், உங்கள் ஐந்துக்கும் நிறப்புரி (குரோமோசோம்) ஆய்வாலோ, டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர் சோதனையாலோ உறுதிசெய்யப்பட்ட மாதிரிகளைக் கொண்டு நீங்களே தரவகத்தை உருவாக்கியாக வேண்டும். கால்களை மட்டும் எடுப்பதில் ஒரு நன்மை, எஞ்சிய உடல் அந்த உறுதிப்பாட்டுக்கே பயன்படும்.

மறுமொழி 2 (பூச்சியியல் ஆசிரியர்):
வயதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் மலேரியாவில் அதுவே உயிர்நாடி. கொசு உறிஞ்சிய ஃபால்சிபாரம் என்னும் மலேரியா ஒட்டுண்ணி அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய, வெப்பநிலையைப் பொறுத்து, ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் ஆகும். அதுவரை உயிர் வாழாத கொசு எத்தனை பேரைக் கடித்தாலும் நோயைக் கடத்தாது. ஆகவே மருந்து தோய்த்த வலைகள் பலனளிக்கின்றனவா என்பதை அறிய, கொசுக்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது; அவற்றுள் முதியவை எத்தனை என்று பார்க்க வேண்டும்.

வயது கூடக்கூட கொசுவின் உடலிலுள்ள புரதங்களும் பிற வேதிப்பொருள்களும் மாறுவதால், நிறமாலையில் அதன் தடயம் இருக்கவே செய்கிறது. ஆனால் கூண்டில் ஒரே வெப்பத்தில், சர்க்கரை நீரில் வளர்ந்த கொசுக்களைக் கொண்டு பயிற்றுவித்த கணிப்பு முறை, வெயிலிலும் மழையிலும் திரிந்து பலமுறை இரத்தம் குடித்த வயல்வெளிக் கொசுவுக்கு அப்படியே பொருந்தும் என்று நம்புவது தவறு. சூலகத்தைப் பிரித்துப் பார்க்கும் பழைய முறையை இதற்காகவே இன்னும் மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன்: முட்டையிடாத கொசுவின் சூலகத்தில் மூச்சு நுண்குழல்களின் முனைகள் நூல்கண்டுபோல் சுருண்டிருக்கும், ஒருமுறை முட்டை முதிர்ந்துவிட்டால் அவை விரிந்து மீண்டும் சுருளாது. அது நாள்கணக்கைச் சொல்லாது. ஆனால் சொல்வதை நேரில் பார்த்துச் சொல்கிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. என் மாதிரிகளில் பாதி எத்தனாலில் கிடக்கின்றன. அவை பயன்படுமா?

மறுமொழி 1:
அவற்றைப் பி.சி.ஆருக்கு ஒதுக்கிவிடுங்கள், சகோதரி. எத்தனாலில் புரத உச்சிகளின் தரம் குறைந்துவிடும். இனிப் பிடிப்பவற்றை உறைநிலையில் வையுங்கள். காலொடியாமல் ஒவ்வொன்றையும் தனித்தனிக் குப்பியில் இடுங்கள்.