[கலைச்சொல்] நேவிகேஷன் பார்: திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

செ.ம. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரியில் தமிழ்வழி முதலாண்டு மாணவர்களுக்காக இணையதள வடிவமைப்புச் செய்முறைக் கையேடு ஒன்று தயாராகிறது. திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ஆளுக்கொரு தளம், அதில் ஐந்து பக்கம், வெறும் எச்டிஎம்எல் (பக்கத்தின் உள்ளடக்கத்தை அமைக்கும் குறிமொழி), சிஎஸ்எஸ் (அதன் தோற்றத்தை அமைப்பது). அவ்வளவுதான் பாடம். சொந்த ஊரைப் பற்றிச் செய்யச் சொல்லியிருக்கிறோம். ஒரு மாணவி தரங்கம்பாடியை எடுத்துக்கொண்டாள். முகப்பு, வரலாறு, இடங்கள், படங்கள், தொடர்பு என்று ஐந்து பக்கம். 1620-இல் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டை, 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, அவர் நடத்திய அச்சகம் எல்லாம் வரலாற்றுப் பக்கத்தில் நன்றாகவே வந்திருக்கின்றன.

சிக்கல், பக்கத்துக்குப் பக்கம் கூட்டிப்போகும் அந்த மேல்வரிசையில். முதல் நான்கு பக்கத்தையும் முடித்த பிறகுதான் அவள் தொடர்புப் பக்கத்தைச் செய்தாள். முகப்பு, வரலாறு, இடங்கள் மூன்றிலும் புது இணைப்பைச் சேர்த்தாள், படங்கள் பக்கத்தில் விட்டுவிட்டாள். இப்போது படங்களைப் பார்ப்பவர் தொடர்புக்குப் போக வேண்டுமானால் முதலில் வேறொரு பக்கத்துக்கு வந்து, அங்கிருந்துதான் போக வேண்டும். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் மதிப்பெண் குறைவது இந்த இடத்தில்தான். அதனால் கையேட்டில் இதற்கென்று தனிப் பகுதி வைக்கிறோம். தலைப்புக்குத்தான் சொல் இல்லை.

உலாவி (பிரவுசர்), மீயிணைப்பு (ஹைப்பர்லிங்க்), முகப்பு இவற்றில் எங்களுக்குக் குழப்பமில்லை. இதற்கு மட்டும் வரைவில் ‘வழிசெலுத்தல் பட்டை’ என்று போட்டோம். படித்துவிட்டு ஒரு பையன் கேட்டான், “யார் யாரைச் செலுத்துறாங்க, மேடம்?” எனக்கும் பதில் தெரியவில்லை. உதவுங்கள்.

கு.ர. எழுதியது:

வணக்கம் மேடம். வழிசெலுத்தலில் என்ன குறை? தமிழ் விக்கிப்பீடியாவின் பக்கப்பட்டையில் அந்தச் சொல்தான் இருக்கிறது. மென்பொருள் தமிழாக்கத்தில் பல வருடமாக நாங்களும் அதைத்தான் போட்டு வருகிறோம். ஒரு சொல் புழக்கத்துக்கு வரப் பத்து வருடம் ஆகிறது. வந்த பிறகு பிடுங்கி வேறு நட்டால், மாணவன் கையேட்டில் ஒன்றும் திரையில் ஒன்றும் பார்த்துக் குழம்புவான். அந்தப் பையனுக்கு ஒரு வரி விளக்கம் சொல்லுங்கள், போதும்.

வே.அ. எழுதியது:

அன்புள்ள ம. அம்மையாருக்கு,

அந்த மாணவன் சரியாகவே கேட்டிருக்கிறான். செல் என்பது தன்வினை, செலுத்து என்பது பிறவினை. தளத்தில் செல்பவர் பார்வையாளர். அவரை எவரும் செலுத்துவதில்லை. வண்டியைச் செலுத்தலாம், வரியைச் செலுத்தலாம், ஆணையைச் செலுத்தலாம். வழியைச் செலுத்துவது எங்ஙனம்? பத்து வருடம் புழங்கியதால் பிழை சரியாகிவிடாது, தம்பி.

மூலத்தைப் பார்ப்போம். ஆங்கிலச் சொல் இலத்தீன் ‘நாவிஸ்’ என்பதிலிருந்து வருகிறது. நாவிஸ் என்றால் கப்பல். கப்பலை ஓட்டுவதற்குத்தான் முதலில் அந்தப் பெயர். வடமொழியில் நௌ, கிரேக்கத்தில் நௌஸ். நம்மிடம் நாவாய். “நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி, வளிதொழில் ஆண்ட உரவோன் மருக” என்று வெண்ணிக்குயத்தியார் கரிகாலனைப் பாடும்போது (புறம் 66) காற்றையே வேலை வாங்கியவன் வழிவந்தவனே என்கிறார். அதைவிடத் தெளிவாக நேவிகேஷனை யார் சொல்லிவிட முடியும்? முறத்திலிட்டுக் கொழிப்பதை நாவுதல் என்பார்கள். அலையைக் கொழித்துச் செல்வது நாவாய். வேர் நம்முடையதே என்பது என் துணிபு. ஆகவே நாவுகை என்று சொல்லமைத்து, நாவுகைப் பட்டை எனலாம். ஒலியும் ஆங்கிலத்தோடு ஒத்துவருகிறது, மாணவர் எளிதில் பிடித்துக்கொள்வர்.

மு.தி. எழுதியது:

ஐயா, நாவாய்க்கு வேர் எது என்பது நெடுங்காலமாக நடக்கும் வழக்கு. இரண்டு மொழிக்குடும்பத்தை ஒரு முறத்தில் கொழிக்க இந்த வாரம் நேரம் போதாது. அதை விடுவோம். வள்ளுவர் 496-ஆம் குறளில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து.” ஐந்து பக்கத் தளத்தில் கடல் ஏது? ஆங்கிலேயன் கப்பலிலிருந்து சொல் எடுத்தான் என்பதற்காக நாமும் கப்பலேற வேண்டுமா? அவன் உவமையை விட்டுவிட்டு நமக்கு உரியதைப் பார்ப்போம்.

நம்மிடம் ஓர் இலக்கிய வகையே இருக்கிறது: ஆற்றுப்படை. முன்னே போய் வந்தவன் எதிர்ப்பட்டவனிடம், இந்த வழியாகப் போ, இன்ன இடத்தில் இன்னது கிடைக்கும் என்று சொல்வது. தொல்காப்பியர் இதை ‘ஆற்றிடைக் காட்சி’ என்கிறார். அம்மையார் சொன்ன மேல்வரிசை செய்வது முழுக்க இந்த வேலைதான். செலுத்தவில்லை, இழுத்துப் போகவில்லை, இன்னின்ன பக்கம் உண்டு என்று காட்டிவிட்டு நிற்கிறது. பார்வையாளர் தாமே போகிறார். எனவே ஆற்றுப்பட்டை. ஆறு என்றால் வழி என்று மாணவர் தெரிந்துகொள்ளட்டும். கணினி வகுப்பில் தமிழும் கொஞ்சம் கற்றால் குற்றமில்லை.

யோ.க. (யாழ்ப்பாணம்) எழுதியது:

வணக்கம். மு.தி. ஐயாவின் சொல் அழகானது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஆற்றுப்படுத்தல் என்றால் உளவளத்துணை (கவுன்சலிங்). போருக்குப் பிறகு பாடசாலைகளில் அந்தச் சொல் நன்றாக ஊன்றிவிட்டது. ஆற்றுப்பட்டை என்று நான் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் வேறு அர்த்தத்தில்தான் எடுப்பார்கள். உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் எங்களுக்கும் இணையத்தளம் உருவாக்கும் அலகு இருக்கிறது. பிள்ளைகள் வாயில் வருவது மெனுதான். அதை மாற்ற நான் முயன்றதில்லை.

இன்னொன்று, குறை நினைக்க வேண்டாம். கையேட்டின் தலைப்பிலேயே ‘இணையதளம்’ என்று இருக்கிறது. நாங்கள் இணையத்தளம் என்று எழுதுகிறோம்.

மு.தி. எழுதியது:

யாழ்ப்பாணத்தார் சொல்வதே சரி. மரம், கிளை சேர்ந்து மரக்கிளை ஆவதுபோல் இணையம், தளம் சேர்ந்து இணையத்தளம். “மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு ஒப்பவும்” என்று நன்னூல் சொல்கிறது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. மெனு பற்றி மட்டும் மறுப்பு. உணவகத்தில் தட்டுக்கு முன்னால் வருவதும் இதுவும் ஒன்றா? வாயில் வருவதையெல்லாம் பாடநூலில் ஏற்றினால் பிறகு கலைச்சொல் எதற்கு?

கு.ர. எழுதியது:

கலைச்சொல் மாணவனுக்காக, ஐயா. இலக்கணத்தைக் காப்பாற்ற அவனைப் பலி கொடுக்க முடியாது. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை நாளை வேலைக்கு நேர்காணலுக்குப் போகும். அங்கே கேட்கப்போவது நேவ்பார். அந்த ஆங்கிலச் சொல்லோடு இணைத்துப் பார்க்க முடியாத எதுவும் அந்தப் பிள்ளைக்குச் சுமை. ஆறு என்றால் வழி என்று நீங்களும் நானும் ரசிக்கலாம். முதலாண்டு மாணவன் நதி என்பான், இல்லாவிட்டால் எண் ஆறு என்பான். அவனுக்குப் பக்கமோ ஐந்துதான்.

செல்வழி என்று ஒரு தோழர் தனிமடலில் எழுதியிருந்தார். செல்லும் வழி, வினைத்தொகை, நல்ல சொல். ஆனால் இன்று அதைப் படிப்பவர் கண்ணுக்கு முதலில் செல்போன் வழியாக என்றுதான் படும். அதுவும் ஆகாது.

ந.பா. எழுதியது:

வணக்கம். எனக்குப் பார்வை இல்லை, என்விடிஏ என்னும் திரைபடிப்பான் (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) வைத்துத்தான் இந்த மடல்களைக் கேட்கிறேன். கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

2014-இல் எச்டிஎம்எல் 5 பரிந்துரையாக வந்தபோது நேவ் என்று தனி டேக்கும் (பகுதியைக் குறிக்கும் குறிச்சொல்) அதில் இருந்தது. அந்த டேக்கைச் சரியாகப் போட்ட பக்கத்தில், அந்த இடம் வந்ததுமே திரைபடிப்பான் இன்ன பகுதி என்று அறிவித்துவிடும். ஒரே விசையில் தாண்டியும் போகலாம். மாணவர்கள் அதை டிவ் என்ற பொதுவான டேக்கில் போட்டுவிட்டு மேலே வண்ணம் மட்டும் பூசினால், எனக்கு அது வெறும் ஐந்து இணைப்புதான். ஒவ்வொரு பக்கத்திலும் அந்த ஐந்தையும் கேட்டுவிட்டுத்தான் கோட்டைக்குப் போக முடியும். கையேட்டில் சொல் எதுவாக இருந்தாலும் சரி, நேவ் டேக் போடச் சொல்லுங்கள். இப்போது இருக்கும் பக்கம் எது என்பதை நிறத்தால் மட்டும் காட்டாமல் குறியீட்டிலும் காட்டச் சொல்லுங்கள்.

சொல்லைப் பொறுத்தவரை, அது காதில் கேட்கப்போகிற சொல். ஏரியா-லேபிளில் (திரைபடிப்பானுக்காகக் குறியீட்டில் எழுதும் பெயர்) தமிழ்ப் பெயர் வைத்தால் ஈஸ்பீக் குரல் அதை அப்படியே வாசிக்கும். ‘வழிசெலுத்தல் பட்டை’ முடிவதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். ஒருநாளில் எத்தனை பக்கம் திறக்கிறோம், யோசித்துப் பாருங்கள். சொல் குட்டையாக இருக்கட்டும். லேபிளில் அந்தச் சொல்லையே திரும்பப் போடவும் கூடாது. திரைபடிப்பான் ஏற்கெனவே சொல்லிவிட்டதை மறுபடி கேட்க வேண்டிவரும். ‘முதன்மை’ என்று மட்டும் வைத்தால் போதும்.

செ.ம. எழுதியது:

ந.பா. ஐயா, மிக்க நன்றி. நேவ் டேக் வரைவில் ஒரு ஓரத்தில்தான் இருந்தது. இப்போது அந்தப் பகுதியின் முதல் பத்தியே அதுதான். பக்கத்தைக் கண் மூடிக் கேட்டுப் பார்க்கும் பயிற்சி ஒன்றும் சேர்க்கிறேன்.

கு.ர. எழுதியது:

குட்டையாக வேண்டுமென்றால் செலுத்தலை நானும் விட்டுவிடுகிறேன். வழிப்பட்டி? வழி எல்லோருக்கும் புரியும். ஏற்கெனவே இருக்கும் சொல்லோடு உறவும் அறாது.

பட்டையா பட்டியா என்று கேட்பீர்கள். பட்டை என்றால் கிடையாக நீண்டு கிடப்பது. கருவிப்பட்டைக்குப் பொருந்தும். ஆனால் அதே தளத்தைக் கைபேசியில் திறந்தால் பட்டை எங்கே? மூன்று கோட்டுக் குறியைத் தொட்டால்தான் இணைப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. பட்டி என்றால் அது பட்டியல், விலைப்பட்டி என்று வணிகர் எழுதுவதுபோல. கிடையோ நெடுக்கோ இரண்டுக்கும் சரி.

வே.அ. எழுதியது:

பட்டி என்றால் மாட்டை அடைக்கும் இடமும் ஆகும். ஊர்ப்பெயர் ஈறும் ஆகும். உசிலம்பட்டி, கோவில்பட்டி வரிசையில் வழிப்பட்டியும் ஓர் ஊர் என்று நினைத்துவிடப் போகிறார்கள். அவசரத்தில் ப் விட்டு எழுதினால் வழிபாட்டு நெடி வேறு. நாவுகையை மறுபடி எண்ணிப் பாருங்கள். நாவாய், நாவலந்தீவு, நாவலோ நாவல் என்று உழவர் எழுப்பும் ஒலி இவற்றையெல்லாம் தொடர்புபடுத்தி விரிவாக எழுத எண்ணியிருக்கிறேன்.

யோ.க. எழுதியது:

வழிப்பட்டி எனக்குச் சம்மதம். அடைப்புக்குறிக்குள் மெனு என்று ஒருமுறை போடுங்கள், எங்கள் பிள்ளைகளும் பிடித்துக்கொள்வார்கள். சேர்வரில் கோப்பை ஏற்றியதும் ‘வரலாறு’ இணைப்பு வேலை செய்யாமல் போவது பற்றியும் அதே பகுதியில் எழுதுங்கள். கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, இணைப்பில் சின்ன எழுத்து. விண்டோஸ் பொறுத்துக்கொள்கிறது, லினக்ஸ் சேர்வர் பொறுத்துக்கொள்வதில்லை. படத்தின் முகவரியை சி டிரைவிலிருந்து முழுசாக எழுதிவிட்டு, வீட்டில் தெரிந்தது இங்கே தெரியவில்லை என்று வரும் பிள்ளைகளும் உண்டு. சார்பு முகவரி (இருக்கும் கோப்பிலிருந்து தொடங்கி எழுதும் முகவரி) என்று நாங்கள் சொல்வதை அங்கே என்ன சொல்கிறீர்கள்?

செ.ம. எழுதியது:

சார்பு முகவரியையே எடுத்துக்கொள்கிறேன், ஐயா. கோப்புப் பெயர்ச் சிக்கல் இங்கேயும் அப்படியேதான். அதையும் சேர்த்துவிட்டேன்.

நாளைக் காலையில் அச்சகத்துக்குப் போகிறது. கையேட்டில் வழிப்பட்டி. முதல் இடத்தில் மட்டும் மெனு என்ற சொல்லும் உடன் வரும். கு.ர., யோ.க., ந.பா. மூவரும் ஏற்கிறார்கள். எங்கள் துறையில் இருவரிடம் காட்டினேன், மறுப்புச் சொல்லவில்லை, பெரிதாக மகிழவும் இல்லை. தலைப்பில் இணையத்தளம் என்று த் சேர்த்தாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

மு.தி. எழுதியது:

பெரும்பான்மை முடிவு செய்துவிட்டது, கையேடு போகட்டும். என் மறுப்பைப் பதிவில் வைக்கிறேன். வழி என்பது கிடக்கும் தடம், பட்டி என்பது பட்டியல். இரண்டும் சேர்ந்தால் தடங்களின் பட்டியல். வழி சொல்லும் செயல் அதில் இல்லை. ஆற்றுப்படையில் அது உண்டு. யாழ்ப்பாணத்தில் உளவளத்துணைக்கு அந்தச் சொல் போயிருப்பதும் அந்தச் செயலின் பொருட்டுத்தான். கலங்கி நிற்பவருக்கு வழி சொல்வதுதானே அது. ஒரு சொல் இரண்டு துறையில் வாழ்வது தமிழுக்குப் புதிதல்ல. மறுபதிப்பு வரும்போது இதை மீண்டும் எடுப்பேன். அம்மையார் அச்சுப்படியை இங்கே அனுப்பினால் ஒற்றுப்பிழை பார்த்து இரவுக்குள் திருப்பித் தருகிறேன்.