சூப்பர் பவுல் அழைப்பு: ஞாயிறு மேனேஜர் வீட்டுக்குப் போகணும், உதவுங்க

புதுவரவு:
வணக்கம். அமெரிக்கா வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. சூப்பர் பவுல், அதான் அமெரிக்கன் ஃபுட்பால் ஃபைனல், பார்க்க மேனேஜர் வீட்டுக்குக் கூப்பிட்டார், சரின்னு சொல்லிட்டேன். இப்போ ஆபீஸ் குரூப்ல என் பேருக்கு நேரே "செவன் லேயர் டிப்"னு போட்டிருக்காங்க, சிப்ஸுக்குத் தொட்டுக்க ஏழு அடுக்கா செய்யறதாம். இன்னொருத்தர் நூறு கட்டம் போட்ட அட்டையை நீட்டி, ஒரு கட்டம் 5 டாலர், எத்தனை வேணும்னு கேட்கிறார். ஆட்டத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. எப்போ போகணும், என்ன செய்யணும்? யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

கிளீவ்லேண்ட் அண்ணன்:
ஆட்டம் மாலை 6:30-க்கு. ஆறு மணிக்குப் போனால் சரியாக இருக்கும். டிப் எல்லாம் வேண்டாம் தம்பி, மசால் வடை கொண்டு போங்க. ஆறினாலும் நன்றாக இருக்கும்.

ஆன்டெனா ரசிகர்:
முதலில் வீட்டுக்கு டிவி வாங்குங்க. சூப்பர் பவுலுக்கு முந்தைய வாரங்களில் விலை இறங்கும். கேபிள் சந்தா தேவையில்லை. சிபிஎஸ், ஃபாக்ஸ், என்பிசி, ஏபிசி ஆகியவை முறை வைத்து ஒளிபரப்புகின்றன, நான்குமே ஆன்டெனாவில் இலவசமாக வரும். ஆன்டெனாவை ஜன்னலோரம் வைத்து சேனல் ஸ்கேன் போடுங்க. இடம் மாற்றினால் மறுபடி ஸ்கேன். ஸ்ட்ரீமிங்கில் படம் பின்தங்கி வரும். டச்டவுனை (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டுவது) பார்ப்பதற்குள் வாட்ஸ்அப் சொல்லிவிடும்.

முதல் ஆறு மாசம்:
டிவியா? புதிதாக வந்தவர் இப்போது கவனிக்க வேண்டியது கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் மதிப்பெண். செக்யூர்டு கார்டு (முன்பணம் கட்டி வாங்கும் கிரெடிட் கார்டு) ஒன்று எடுத்து, மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டுங்க. விருந்து அடுத்த வருஷமும் வரும்.

மீனா அக்கா:
தம்பி எந்த ஊர்னே சொல்லலையே, அதுக்குள்ள நேரம் சொல்லிட்டீங்க! 6:30 கிழக்குக் கரைக்கு. டல்லாஸ், சிகாகோவில் 5:30, டென்வரில் 4:30, மேற்குக் கரையில் 3:30. சைவமா, குழந்தைகள் உண்டா, அதையும் சொல்லுங்க.

புதுவரவு:
போர்ட்லண்ட், ஓரிகன் அக்கா. மனைவியும் வர்றாங்க, சுத்த சைவம்.

மீனா அக்கா:
அப்போ ஆறு மணிக்குப் போனால் ஆட்டம் கடைசிக் கட்டத்தில் இருக்கும். மூன்று மணிக்குப் போங்க. முழுதும் முடிய மூன்றரை முதல் நான்கு மணி நேரம்.

கோவைக்காரர்:
இந்த விளையாட்டே பிடிபடவில்லை. 60 நிமிட ஆட்டம், பந்து நகர்வது இருபது நிமிடம்கூட இல்லை. மீதி நேரம் விளம்பரம்.

கிளீவ்லேண்ட் அண்ணன்:
திங்கட்கிழமை லீவும் கிடையாது. அந்தக் கொடுமையை யாரிடம் சொல்ல.

கோவைக்காரர்:
தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவையும் சில ஊரில் இதே நாளில் வைக்கிறார்கள். காலண்டர் பார்க்க மாட்டார்களா?

நாலாவது டவுன்:
கேட்டவருக்கு நாள் நெருங்குகிறது, விஷயத்துக்கு வருவோம்.

ஆட்டம்: பக்கத்துக்கு 11 பேர், 15 நிமிடக் குவார்ட்டர் நான்கு. நான்கு பந்துக்குள் 10 ரன் எடுத்தால் இன்னொரு நான்கு பந்து கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பந்துக்குப் பதில் டவுன், ரன்னுக்குப் பதில் யார்டு. டிவியில் தெரியும் மஞ்சள் கோடுதான் எட்ட வேண்டிய இடம். நான்காவது டவுனில் பந்தை உதைத்துத் தூர அனுப்பினால் அது பண்ட். அங்கே ஓடித் தோற்றால் எதிரணி அதே இடத்திலிருந்து தொடங்கும், அந்தப் பயத்தில்தான் உதைக்கிறார்கள். டச்டவுனுக்கு 6 புள்ளி, அதற்குப் பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1, மறுபடி ஓடியோ பாஸ் பிடித்தோ கோல் கோட்டைத் தாண்டினால் 2. ஃபீல்ட் கோல் (ஆட்டத்தின் நடுவே கம்பங்களுக்கு இடையில் உதைப்பது) 3, சேஃப்டி (பந்து வைத்திருப்பவரை அவருடைய கோல் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்குவது) 2. தரையில் மஞ்சள் துணி விழுந்தால் விதிமீறல், தீர்ப்பு வரும்வரை கைதட்ட வேண்டாம்.

கட்டங்கள்: ஒரு பக்கம் ஒரு அணி, மறுபக்கம் மற்றது, 10-க்கு 10. கட்டங்கள் எல்லாம் விற்ற பிறகுதான் 0 முதல் 9 வரை எண்களைக் குலுக்கிப் போடுவார்கள். முதலிலேயே எண் எழுதியிருந்தால் எடுக்காதீர்கள். ஒவ்வொரு குவார்ட்டர் முடிவிலும் இரு அணிகளின் ஸ்கோரில் கடைசி இலக்கம் சேரும் கட்டத்துக்குப் பரிசு. 2025-ல் ஈகிள்ஸ், சீஃப்ஸை 40-22 என்று வென்றார்கள். குவார்ட்டர் வாரியாக 7-0, 24-0, 34-6, 40-22. ஆக வென்ற கட்டங்கள் 7-0, 4-0, 4-6, 0-2. மூன்றும் ஏழுமாகப் புள்ளி சேர்வதால் 0, 3, 4, 7 நல்ல எண்கள். 2-ம் 5-ம் அபூர்வம். ஓவர்டைம் (சமனானால் ஆடும் கூடுதல் நேரம்) போனால் எந்த ஸ்கோர் கணக்கு என்று முன்பே கேளுங்கள். 2017-ல் 28-28 சமன், பிறகு ஓவர்டைமில் பேட்ரியட்ஸ் 34-28 என்று வென்றார்கள். கட்டம் 8-8-ஆ, 4-8-ஆ என்று சண்டை வரும் இடம் அதுதான். பந்தயச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, கம்பெனி விதியும் உண்டு. "இந்த முறை வேண்டாம்" என்றால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

மீனா அக்கா:
டிப்புக்கு வருவோம். வடை கூடுதலாகக் கொண்டு போகலாம், ஆனால் பேர் போட்டதைக் கண்டிப்பாகச் செய்யணும், அதை நம்பித்தான் மற்றவர்கள் சிப்ஸ் வாங்குவார்கள். 9-க்கு 13 அங்குலக் கண்ணாடித் தட்டு. அடியில் 16 அவுன்ஸ் ரீஃப்ரைடு பீன்ஸ் (வேகவைத்து மசித்த பீன்ஸ்) இரண்டு டப்பா. சிலவற்றில் பன்றிக் கொழுப்பு இருக்கும், "வெஜிடேரியன்" என்று போட்டதை எடுங்க. லேசாகச் சூடாக்கினால் பரவும், ஆனால் நன்றாக ஆறியதும்தான் அடுத்தது. மேலே நான்கு அவகாடோ மசித்து எலுமிச்சை, உப்பு. அது தெரியாதபடி ஓரம்வரை 16 அவுன்ஸ் சவர் கிரீம் பூசுங்க, காற்றுப் பட்டால் கறுத்துவிடும். பிறகு ஒரு கப் சல்சா, நம்ம தக்காளிச் சட்னி மாதிரி. சல்லடையில் வடிக்காமல் போட்டால் தண்ணீர் விட்டு எல்லாம் குழம்பிவிடும். அதன் மேல் இரண்டு கப் துருவிய சீஸ், தக்காளி, கறுப்பு ஆலிவ். சவர் கிரீமில் ஜெலட்டின் (மிருகத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது), சீஸில் மிருக ரென்னட் (பாலைத் திரிய வைப்பது) உண்டா என்று லேபிள் பாருங்க. ஞாயிறு காலையிலேயே செய்யுங்க, முந்தின நாள் வேண்டாம்.

அங்கே இருக்கும் சில்லி என்ற காரக் குழம்பில் பெரும்பாலும் மாட்டிறைச்சி. கேட்காமல் மனைவிக்குப் பரிமாறாதீங்க.

முதல் ஆறு மாசம்:
ஒன்று மட்டும். குடித்தால் வண்டியைத் தொடாதீர்கள். குடித்து ஓட்டியதாகக் கைது ஆனாலே, தீர்ப்புக்கு முன்பே விசா ஸ்டாம்பை ரத்து செய்யலாம். இந்தியா போய்த் திரும்ப மருத்துவப் பரிசோதனையோடு புது விசா வேண்டும். போகும்போதே யார் ஓட்டுவது என்று முடிவு செய்யுங்கள்.

புதுவரவு:
மனைவிதான் ஓட்டுவாங்க. கட்டம் வேண்டாம்னு சொல்லிட்டேன். அவகாடோ கல்லு மாதிரி இருக்கு, ஞாயிறுக்குள்ள பழுக்குமா?

மீனா அக்கா:
வாழைப்பழத்தோடு காகிதப் பையில் மூடி வெளியே வைங்க, ஃபிரிட்ஜில் வேண்டாம். சனிக்கிழமை காம்புப் பக்கம் அழுத்திப் பாருங்க. இன்னும் கெட்டியாக இருந்தால் கடையில் மசித்து வைத்த குவாகமோலே 16 அவுன்ஸ் வாங்கிடுங்க.