பெரியம்மாவின் காசி டிக்கெட்: கூட வரவேண்டியவர் வராமல் போனபோது

சென்னையிலிருந்து, முதலில் எழுதியவர்

போன கார்த்திகையில் அம்மாவும் பெரியம்மாவும் காசிக்குப் போவதாக இருந்தது. வாரணாசிக்கு நேர் விமானம், இருவருக்கும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், நான்தான் டிக்கெட் போட்டேன். புறப்பட நான்கு நாள் இருக்கும்போது பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். "அக்கா இல்லாமல் எனக்கு எதற்குக் காசி?" என்று அம்மா உட்கார்ந்துவிட்டார். பெரியம்மாவோ மாவுக்கட்டுடன் படுத்தபடியே, "என் பங்குக்கும் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வா" என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

சித்தி சும்மாதானே இருக்கிறார், பெரியம்மா பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். விமான நிறுவனத்துக்குப் போன் செய்தால், எழுத்துப் பிழை என்றால் திருத்துவோம், ஆளை மாற்ற முடியாது என்றார்கள். சரி, ஒரு டிக்கெட்டை மட்டும் ரத்து செய்யலாம் என்று செயலியைத் திறந்தேன். ரத்து என்று தொட்டதும் இரண்டு பெயர்களும் சேர்ந்து வந்து நின்றன. அவசரத்தில் அடுத்த பொத்தானையும் அழுத்தியிருந்தால் அம்மாவின் காசியும் போயிருக்கும். மறுபடி போன். பிஎன்ஆரை முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டுமாம். பிரித்துக் கொடுத்தார்கள், பிறகு பெரியம்மாவுடையதை மட்டும் ரத்து செய்தேன். 5,200 ரூபாயில் திரும்பி வந்தது 1,140.

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்ததா? என்ன செய்தீர்கள்?

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், விழுப்புரம்

ரயிலாக இருந்தால் உங்கள் சித்தி போயிருக்கலாம். உறுதியான டிக்கெட்டைத் தாய், தந்தை, உடன்பிறந்தவர்கள், மகன், மகள், கணவன், மனைவி ஆகியோருக்கு மாற்றித் தருவோம். வண்டி புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பே முன்பதிவு அலுவலகத்தில் மனுவும் உறவுக்கான சான்றும் கொடுக்க வேண்டும். பெரியம்மாவுக்குச் சித்தி தங்கை, அதனால் தடையில்லை. மருமகள், மைத்துனி, ஒன்றுவிட்ட தம்பி என்று வந்தவர்களை எல்லாம் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். திட்டிவிட்டுத்தான் போவார்கள்.

கோவையிலிருந்து ஒருவர்

என் கதை கொஞ்சம் வெட்கக்கேடு. நானும் நண்பனும் தில்லிக்குப் போக வேண்டும். முதல் நாள் இரவு அவனுக்குக் காய்ச்சல். ரத்து செய்தால் பெரிதாக ஒன்றும் வராது, அப்படியே விட்டுவிட்டால் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும், காலை நீட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அதோடு தலைக்கு 15 கிலோ என்றால் இருவருக்கு 30 ஆயிற்றே என்று அக்கா வீட்டுக்கு நெய், முறுக்கு, மாவடு ஜாடி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் திணித்தேன்.

கவுன்டரில் பெட்டி 23 கிலோ காட்டியது. "உங்களுடன் வருபவர் எங்கே?" வரவில்லை. "அப்படியென்றால் 15 தான்." மீதி 8 கிலோவுக்குக் கட்டிய பணத்தில் தில்லியிலேயே மாவடு வாங்கியிருக்கலாம். காலியாக இருக்கும் என்று நினைத்த இருக்கையில் ஒரு பெரியவர் வந்து அமர்ந்தார். கைப்பையில் வைத்திருந்த முறுக்கில் பாதியை அவர்தான் தீர்த்தார், நல்ல மனிதர்.

இரண்டு வாரம் கழித்து ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது, விமானத்துக்கே போகாவிட்டாலும் வரியும் விமான நிலையக் கட்டணமும் பயணிக்குத் திரும்ப வர வேண்டும் என்று. நண்பனை விண்ணப்பிக்கச் சொன்னேன். வந்தது. அதில் எனக்கு ஒரு காப்பிகூட வாங்கித் தரவில்லை.

டிக்கெட் முகவர், மதுரை

கோவைக்காரர் சொன்னது சரி. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதியிலேயே 2016 முதல் இருக்கிறது. சலுகைக் கட்டணம், பணம் திரும்பாத டிக்கெட் என்றாலும் வரிகளைத் தர வேண்டும். ரத்துக் கட்டணமும் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. என்னைப் போன்ற முகவரிடம் வாங்கியிருந்தால் பணம் எங்கள் வழியாகத்தான் வரும், ஆனால் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. "ஏஜென்டைக் கேளுங்கள்" என்று அவர்கள் கைகழுவினால் விடாதீர்கள்.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு வேறு. போக, வர ஒரே டிக்கெட். கூட வருபவர், "போகும்போது வரவில்லை, திரும்பும்போது மட்டும் சேர்ந்துகொள்கிறேன்" என்பார். சொல்லாமல் முதல் பயணத்தைத் தவறவிட்டால் பல நிறுவனங்களில் திரும்பும் டிக்கெட்டும் தானாக ரத்தாகிவிடும். முன்கூட்டியே பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். மருத்துவமனையில் சேர்த்திருந்தால், வீட்டில் மரணம் என்றால், சான்றிதழை அனுப்பிக் கேட்டுப் பாருங்கள். சிலர் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள், கேட்டவர்களுக்கு மட்டும்.

அந்தப் பெயரிலேயே வேறு ஆளை அனுப்பலாமா என்று மாதம் ஒருவராவது கேட்கிறார். விமான நிலைய வாசலிலேயே சிஐஎஸ்எஃப் பாதுகாப்பு வீரர் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் சேர்த்துப் பார்ப்பார், ஐயா.

திருச்சியிலிருந்து ஒரு தாய்

கைக்குழந்தை உள்ளவர்கள் இதையும் பாருங்கள். சிங்கப்பூருக்கு நான், கணவர், பத்து மாதப் பெண். அவருக்கு விடுப்பு ரத்தானது, அவர் டிக்கெட்டை ரத்து செய்தோம். குழந்தையின் டிக்கெட்டும் அதோடு போய்விட்டது! இரண்டு வயதுக்குள் மடியில்தான் பயணம் என்பதால் குழந்தையை ஒரு பெரியவரின் பெயரோடு பிணைத்திருப்பார்கள். எங்களுக்கு அது அப்பாவின் மடியாக இருந்தது. முதலில் என் பெயரோடு சேர்க்கச் சொல்லிவிட்டுப் பிறகு ரத்து செய்திருக்க வேண்டும். புது டிக்கெட் வாங்கினேன்.

முதலில் எழுதியவர்

அம்மா தனியாகத்தான் போய் வந்தார். பிஎன்ஆர் பிரித்த அன்றே சக்கர நாற்காலி உதவியும் கேட்டு வைத்திருந்தேன், அதனால் வாரணாசியில் வெளியே வரும்வரை ஒரு பையன் கூடவே இருந்திருக்கிறான். நடக்க முடிகிற தன்னை நாற்காலியில் உட்காரவைத்ததற்கு அம்மாவுக்கு இன்னும் என் மேல் கோபம். வரும்போது பெட்டி 14 கிலோ 700 கிராம், அதில் பாதி கங்கைத் தீர்த்தம். திரும்பி வந்த 1,140 ரூபாயைப் பெரியம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த கார்த்திகைக்கு முன்பணமாம்.