சின்ன காலேஜில் விலங்கியல் எடுத்து நரம்பியலுக்குப் போக முடியுமா?

தக்கலைப்பெண்:
பிளஸ் டூ முடித்திருக்கிறேன். டாக்டராக வேண்டாம், மூளை எப்படி வேலை செய்கிறது என்று படிக்க வேண்டும். நான் விசாரித்த எந்த காலேஜிலும் நரம்பியல் என்ற பெயரில் டிகிரி இல்லை. பக்கத்தில் ஒரு சின்ன காலேஜில் பி.எஸ்சி. விலங்கியல் கிடைத்திருக்கிறது. சேரவா, ஒரு வருடம் காத்திருந்து வெளியூர் போகவா?

மார்த்தாண்டத்தான்:
காத்திரு தங்கச்சி. நானும் இப்படி ஒரு காலேஜில்தான் முடித்தேன், மூன்று வருடமும் நரம்பு மண்டலம் என்பது ரெக்கார்டு நோட்டில் வரைந்து பாகம் குறித்த படம் மட்டும்தான். அப்புறம் பெங்களூரில் நேர்முகத் தேர்வில், நரம்பணுவின் சவ்வில் ஏன் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட் மின்னழுத்தம் நிற்கிறது என்று கேட்டார்கள். எண் தெரியும், காரணம் தெரியாது. வெளியே வந்து அழுதேன்.

குளச்சல் டீச்சர்:
தம்பி, அது சொல்லிக்கொடுத்தவர்கள் குறை, காலேஜ் சின்னதாக இருந்த குறை இல்லை. மக்ளே, நரம்பில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு இங்கிலாந்து விஞ்ஞானிகள் 1952-ல் கணக்கோடு எழுதினார்களே, 1963-ல் நோபல்கூட வாங்கினார்களே, அது கணவாயின் நரம்பை வைத்துத்தான். அதில் ஒரு இழை ஒரு மில்லிமீட்டர் தடிமன்வரை இருக்கும், அதனால்தான் உள்ளே கம்பி நுழைக்க முடிந்தது. அந்தக் கணவாயின் உறவுக்காரக் கணவாய் நம் குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் கூடைகூடையாக இறங்குகிறது. என் வகுப்பில் 18 பேர்தான், 18 பேரும் வெட்டி வெறுங்கண்ணால் பார்த்தார்கள்.

மார்த்தாண்டத்தான்:
செத்த கணவாயில் சிக்னல் ஓடாதே டீச்சர். பார்த்தால் மட்டும் போதுமா?

குளச்சல் டீச்சர்:
ஓடாது, சரிதான். கரப்பான் காலில் ஓடும். ஐஸில் வைத்து மயக்கி ஒரு காலை எடுத்து, இரண்டு குண்டூசி குத்தி, சின்ன ஆம்ப்ளிஃபயர் வழியாக ஸ்பீக்கருக்குக் கொடுத்தால், காலில் உள்ள முள்ளைத் தொட்டதும் படபடவென்று கேட்கும். சர்க்யூட் செய்து தந்தவர் எதிர் அறை இயற்பியல் சார். மைனஸ் 70 ஏன் என்று பிள்ளைகள் தாங்களாகவே கேட்டது அன்றைக்குத்தான்.

மார்த்தாண்டத்தான்:
உங்களைப் போல ஒருவர் எல்லா இடத்திலும் கிடைப்பாரா என்பதுதான் என் பயம், அதை விடமாட்டேன். தங்கச்சி, சேர்ந்தாலும் கணக்கையும் இயற்பியலையும் கைவிடாதே. இந்திய அறிவியல் அகாடமியின் கோடைகால ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பம் போடு, இரண்டு மாதம் பெரிய லேபில் இருக்கலாம். ஐஐடி மெட்ராஸ் 2024-ல் வெளியிட்ட 'தரணி' என்ற கருக்குழந்தை மூளை அட்லஸில் 5,132 வெட்டுப் படங்கள் உண்டு, வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம்.

தக்கலைப்பெண்:
நாளைக்கு அந்த காலேஜ் லேபைக் காட்டச் சொல்லிக் கேட்கப் போகிறேன், அங்கே சொல்லித் தருகிறவர்களையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறேன் அண்ணா. டீச்சர், கணவாயை எந்தப் பக்கம் வெட்டணும்?

குளச்சல் டீச்சர்:
புனல், அதாவது தண்ணீரைப் பீய்ச்சும் குழாய், இருக்கிற பக்கம், நடுவில், நீளவாக்கில். விரித்து வைத்தால் உட்சுவரில் தலைப்பக்க விளிம்பை ஒட்டி இரண்டு பக்கமும் நட்சத்திரம் போல நரம்புக் கொத்து தெரியும், அதிலிருந்து பின்னால் ஓடும் தடித்த இழைதான் அது. காலையில் இறங்கியதாகப் பார்த்து வாங்கு.