போத்தலுக்குள்ள போட்ட கஞ்சாப் பூ வைக்கோல் மணக்குது, காப்பாற்றலாமோ?

ஸ்காபரோ_வளவு

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருசம்தான் முதன்முதலா வீட்டு வளவில கஞ்சா வைச்சனான். இங்க கனடாவில, ஒன்ராறியோவில, சட்டப்படி நாலே நாலு செடி. ஒக்டோபர் 6ஆம் திகதி இரவு உறைபனி எண்டு சொன்னவுடன வெட்டி, பேஸ்மென்ற்றில, வீட்டைச் சூடாக்கிற ஃபர்னஸ் நிக்கிற அறையில கயிறு கட்டித் தலைகீழாத் தொங்கவிட்டன். நாலாம் நாள் தொட்டுப் பார்க்க அப்பளம் மாதிரி நொறுங்கிச்சுது. காய்ஞ்சிட்டுது எண்டு நினைச்சு, அம்மா ஊறுகாய் போடுற கண்ணாடிப் போத்தல் ஆறிலையும் நிரப்பி இறுக்கி மூடிட்டன்.

அடுத்த நாள் திறந்தால் பூவெல்லாம் திரும்ப மெத்து மெத்தெண்டு இருக்குது. செடியில நிக்கேக்க தோடம்பழத் தோல் மாதிரி மணந்தது, இப்ப நனைஞ்ச வைக்கோல் மணம். ஒரு போத்தலில மூக்கைக் குத்துற நெடி. ஆறு மாசம் தண்ணி ஊத்தி வளர்த்தது, எறிய மனம் வரேல்லை. என்ன செய்யலாம்?

அஜாக்ஸ்_பெடியன்

அண்ணை, ட்ரேயில பரப்பி அவன் (oven) அடுப்பில 200 ஃபாரன்ஹீட்டில அரை மணித்தியாலம் வையுங்கோ, சரியாகும். இல்லாட்டி மோர்மிளகாய் காயவைக்கிற டிஹைட்ரேற்றர் இருந்தால் அதில போடுங்கோ.

புகையிலைக்கொட்டில்

தம்பிமார், அவனும் வேண்டாம், டிஹைட்ரேற்றரும் வேண்டாம். அந்தத் தோடம்பழ மணம் ஒரு எண்ணெய். சூடு பட்டால் தண்ணியோட சேர்ந்து அதுவும் ஆவியாப் போயிடும். பிறகு பச்சிலைக் காறல்தான் மிஞ்சும்.

வளவு, இதை வாசிச்ச உடன எழும்பிப் போய் ஆறு போத்தலையும் திறந்து பூவை வெளியில எடுங்கோ. நெடி அடிக்கிற போத்தலைத் தனியா வையுங்கோ. அதில பெரிய பூவாப் பார்த்து நடுவால பிளந்து, தண்டோட ஒட்டின இடத்தை வெளிச்சத்தில பாருங்கோ. சாம்பல் நிறமா, பஞ்சு மாதிரியோ தூள் மாதிரியோ இருந்தால் அது பூஞ்சணம். வெளியில இருந்து பார்க்கத் தெரியாது, உள்ளுக்க தண்டில இருந்துதான் அழுகிக்கொண்டு வரும். அதைச் சுரண்டிப்போட்டு மிச்சத்தைப் பாவிக்கலாம் எண்டு நினைக்காதேங்கோ. அந்தப் போத்தல் முழுக்கக் குப்பைக்குப் போகவேணும். நெஞ்சுக்குள்ள இழுக்கிற சாமான் இது.

எங்க பிழைச்சது எண்டால் அந்த ஃபர்னஸ் அறையில. வெட்டின பூவில முக்கால் பங்குக்கு மேல தண்ணி. சூடான வறண்ட காத்துப் பட்டால் தோல் மட்டும் காய்ஞ்சு பொருக்காகிடும், உள்ள இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் நிண்டிடும். நீங்கள் தொட்டது பொருக்கை. போத்தலை மூடினாப் பிறகு உள்ஈரம் மெதுவா வெளித்தோலுக்கு வந்திருக்குது.

என்ர அப்பா யாழ்ப்பாணத்தில புகையிலைத் தோட்டம் செய்தவர். புகையிலையைக் கொட்டிலுக்குள்ள தூக்கி, பொச்சுமட்டைப் புகை போட்டு, பிறகு அட்டியா அடுக்கிப் பாடம் போடுவினம், எண்டால் மணமும் பதமும் வர அடைச்சு வைச்சுப் பக்குவப்படுத்துவினம். இரவில எழும்பிப் போய் அட்டிக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்ப்பார். சூடு ஏறியிருந்தால் அந்த நேரத்திலயே பிரிச்சு, உள்ள இருந்தது வெளியில, வெளியில இருந்தது உள்ள வாறமாதிரித் திருப்பி அடுக்குவார். எனக்கு எட்டு ஒன்பது வயசு, அரிக்கன் லாம்பு பிடிச்சுக்கொண்டு நிப்பன். அந்த மணம் இண்டைக்கும் மூக்கில நிக்குது. காயவைக்கிறது வேற, பாடம் போடுறது வேற எண்டு அப்பதான் படிச்சன். கஞ்சாவுக்கும் இந்த ரெண்டும் வேணும். ஆனால் புகையிலைக்கு அட்டியில சூடு ஏறவேணும், இதுக்குச் சூடே ஆகாது. இது குளிர்ச்சியில, இருட்டில, ஆறுதலாப் பாடமாகிற சாமான்.

இப்ப செய்யவேண்டியது இதுதான். சருகு கூட்டிப்போடுற பெரிய பழுப்புக் காகிதப் பை கடையில இருக்கும், புதுசா ஒண்டு வாங்குங்கோ. நல்ல பூவை அதுக்குள்ள ஒரு அடுக்காப் பரப்பி, வாயை ஒருக்கா மடிச்சு, ஃபர்னஸில இருந்து தள்ளி, இருட்டா, 16 - 20 பாகை செல்சியஸ் இருக்கிற மூலையில வையுங்கோ. காகிதம் ஈரத்தை மெதுவா உறிஞ்சும். காலையும் பின்னேரமும் பையை மெல்லமாக் குலுக்கிவிடுங்கோ. சின்னத் தண்டை வளைச்சால் 'டிக்' எண்டு முறியவேணும். வளைஞ்சு நார் மாதிரி நிண்டால் இன்னும் ஒரு நாள்.

முறிஞ்சாப் பிறகு போத்தல். முக்கால்வாசிதான் நிரப்பவேணும். உள்ள ஒரு சின்ன ஈரமானி (காத்தில இருக்கிற ஈரத்தை வீதத்தில காட்டுற மீற்றர்) போடுங்கோ, டொலர் கணக்கில பெரிய விலையில்லை. மலிவு மீற்றர் பொய் சொல்லும், அதால முதல்ல சோதியுங்கோ: போத்தல் மூடி ஒண்டில கறியுப்புப் போட்டு, சேறு மாதிரி வர நாலைஞ்சு சொட்டுத் தண்ணி விட்டு, மீற்றரோட சேர்த்து ஸிப் (zip) வைச்ச பிளாஸ்டிக் பையில அடைச்சு எட்டு மணித்தியாலம் விடுங்கோ. 75 காட்டவேணும். 71 காட்டினால் நாலைக் கூட்டிக் கணக்குப் பாருங்கோ.

மூடி ஒரு நாளைக்குப் பிறகு 65க்கு மேல நிண்டால் திரும்பப் பைக்குள்ள. 58இல இருந்து 62க்குள்ள நிண்டால் அதுதான் பதம். முதல் கிழமை காலையும் இரவும் பத்து நிமிசம் திறந்து வையுங்கோ. ரெண்டாம் கிழமை ஒரு நேரம் காணும். அதுக்குப் பிறகு கிழமைக்கு ஒருக்கா. நாலு கிழமைக்கு முதல் பாடம் வராது. 55க்குக் கீழ போனால் பாடம் அப்பிடியே நிண்டிடும். அப்ப ஈரம் ஏத்தத் தோடம்பழத் தோல் போடச் சொல்லி ஆரும் சொல்லுவினம், கேட்காதேங்கோ, பூஞ்சணத்தை வாவெண்டு கூப்பிடுற வேலை அது.

அடுத்த வருசம் கொப்பைச் சின்னச் சின்னதா வெட்டி, பெரிய காட்போட் பெட்டிக்குள்ள தும்புத்தடியைக் குறுக்க வைச்சு அதில தொங்கவிடுங்கோ. பக்கத்துக்கு நாலு ஓட்டை போதும். காத்தாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவையுங்கோ, பூவில நேர படக்கூடாது. பத்தில இருந்து பதினாலு நாள் எடுக்கும்.

மார்க்கம்_அக்கா

கொட்டில் ஐயா சொன்னதோட ஒண்டு. ஊறுகாய்ப் போத்தலில போட்டு அடுப்படி அலுமாரியில வைக்கிறது எனக்குப் பயமாயிருக்குது. வீட்டில சின்னப் பிள்ளையள், மறதிக்கார அம்மம்மா இருப்பினம். பெயர், திகதி எழுதி ஒட்டி, பூட்டுற பெட்டிக்குள்ள வையுங்கோ. நாலு செடி எண்டது வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. மொன்றியல்ல இருக்கிற ஆக்கள் இதை வாசிச்சுச் செய்யவேண்டாம், கியூபெக்கில வீட்டில ஒரு செடியும் வளர்க்கேலாது. 2023இல உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லுமெண்டு சொல்லிப்போட்டுது. அமெரிக்காவுக்கு, பஃபலோ போகேக்க காரில கிடந்தாலும் பிரச்சினை, எல்லை தாண்டக்கூடாது.

ஸ்காபரோ_வளவு

ஐயா, நீங்கள் சொன்ன கையோட திறந்து பிளந்து பார்த்தன். நெடி அடிச்ச போத்தலில மூண்டு பூ உள்ள சாம்பல் பிடிச்சிருந்தது. போத்தலோட எறிஞ்சிட்டன். மற்ற அஞ்சும் சுத்தம். பையில ரெண்டரை நாள் வைச்சாப் பிறகுதான் தண்டு முறிஞ்சுது. உப்புச் சோதனையில என்ர மீற்றர் 72 காட்டினது, மூண்டு கூட்டிப் பார்க்கிறன். இண்டைக்கு ஒன்பதாம் நாள், அஞ்சு போத்தலும் 60, 61இல நிக்குது. அக்கா, பழைய சூட்கேஸுக்குள்ள போட்டுப் பூட்டியிருக்கிறன்.

வைக்கோல் மணம் இன்னும் முழுசாப் போகேல்லை. ஆனால் காலமை மூடியைத் திறக்கேக்க, முதல் ஒரு செக்கன் மட்டும், அந்தத் தோடம்பழத் தோல் வந்துபோச்சுது.

புகையிலைக்கொட்டில்

வந்திட்டுதெண்டால் நிக்கும். மாதக் கடைசியில திறந்துபோட்டு எழுதுங்கோ தம்பி, பார்த்துக்கொண்டிருப்பன்.